அது படர்தாமரை இல்லை

உண்ணி கடித்தால் தொற்றும் லைம் நோயோடு இந்தக் கோடையில் என்னிடம் வந்தவர்களில் இது மூன்றாவது ஆள். இனியும் எழுதாமல் இருந்தால் சரிப்படாது.

தெற்கு இங்கிலாந்தில், நியூ ஃபாரஸ்ட் பக்கம் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். போன வாரம் வந்தவர் நம்ம ஊர்ப் பையன், மென்பொருள் வேலை. (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூட வேலை பார்க்கும் நண்பர் ஒரு மாலை ரோ மான் வேட்டைக்கு அழைத்துப் போயிருக்கிறார். வேட்டை என்றதும் பதற வேண்டாம். இங்கே மான்கள் பெருகிக் கிடக்கின்றன, பருவத்தில் உரிமத்தோடு சுடலாம். துப்பாக்கி நண்பருடையது, இவர் வேடிக்கை பார்க்கத்தான் போனார். ஜூன் மாதம் சூரியன் மறையவே இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகும். அதுவரை காற்று முகத்தில் படும் பக்கமாக, இடுப்பளவு பெரணிச் செடிக்குள் குனிந்தும் தவழ்ந்தும் போயிருக்கிறார்கள். நண்பர் தடித்த கால்சட்டை போட்டிருக்கிறார். நம்மவர் வெயிலாக இருந்ததென்று அரைக்கால் சட்டை. அப்புறம் சுட்ட மானைக் காருக்குத் தூக்கிவர ஒரு கை கொடுத்திருக்கிறார். செத்த மானின் உடம்பு ஆற ஆற, அதிலிருக்கும் உண்ணிகள் இறங்கி வேறு சூட்டைத் தேடும். வேட்டைக்காரர்களுக்கு இது பாலபாடம். விருந்தாளிக்கு யாரும் சொல்வதில்லை.

மூன்று வாரம் கழித்து முழங்கால் மடிப்பில் ஒரு படை. வாட்ஸ்அப்பில் அம்மாவுக்குப் படம் போயிருக்கிறது. “தம்பி, அது படர்தாமரைடா, போன தடவை கொண்டுபோன ஆயின்மென்டைப் போடு” என்று மதுரையிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. அந்த ஆயின்மென்டில் ஸ்டீராய்டும் கலந்திருந்தது. நம் ஊர் மருந்துக்கடைகளில் சீட்டே இல்லாமல் இதை நீட்டுவது பற்றித் தனியாக ஒருநாள் புலம்ப வேண்டும். பத்து நாள் பூசியும் படை அடங்காமல் பரவியதால்தான் என்னிடம் வந்தார்.

அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்: “லைம் நோயா இருக்குமோன்னு கூகுள்ல பார்த்தேன் டாக்டர், ஆனா எனக்கு அந்தச் சிவப்பு வளையம் இல்லை.”

இந்த வளையம்தான் என் உயிரை வாங்குகிறது. இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் ஒரே படம்: வெள்ளைத் தோலில் அம்பெறியும் பலகை போல நடுவில் சிவப்பு, சுற்றி வெளுப்பு, மறுபடி சிவப்பு. ஐயா, அது வெள்ளைக்காரர் தோல். நம் மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அது சிவப்பாகத் தெரிய வேண்டியதே இல்லை. அடிபட்டுக் கன்றிய இடம் போல, கத்தரிப்பூ நிறத்திலோ பழுப்பாகவோ, சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் கருத்தோ இருக்கலாம். வெள்ளைத் தோலிலேகூடப் பல பேருக்கு நடுவில் வெளுப்பதில்லை. ஒரே சீரான படையாகத்தான் பரவும். வளையம் இருக்கிறதா என்று தேடாதீர்கள், பரவுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அரிப்பு இருக்காது, வலி இருக்காது. படர்தாமரை என்றால் சொறிந்து சொறிந்து தூக்கம் போகும், ஓரம் செதில் செதிலாக உரியும். கடித்த மறுநாளே தடித்து அரித்தால் அது வெறும் கடியின் தடிப்பு. லைம் படை வழக்கமாக ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் தலைகாட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு பெண்மணியின் இடுப்பில் இருந்ததைப் படர்தாமரை என்று களிம்பு கொடுத்து அனுப்பியவள்தான். அவர் ஒரு பக்க முகம் கோணிப்போய்த் திரும்பி வந்தார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அடுத்தது, “பிளட் டெஸ்ட் எடுத்துடுங்க டாக்டர்.” அந்தப் படை இருந்தால் டெஸ்ட் வேண்டாம், பார்த்த கையோடு மாத்திரை. இங்கே மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2018-இல் சொன்னதும் அதையேதான். முதல் சில வாரங்களில் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகாமல் இருக்கலாம். அப்போது ‘நெகட்டிவ்’ என்று வரும் தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவது ஆபத்து.

மாத்திரை டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக், 21 நாள். இங்கேயும் ஒரு சொந்தக்காரர் குறுக்கே வந்தார். ஊரில் உண்ணிக் காய்ச்சலுக்கு இதே மாத்திரையை ஒரு வாரம்தான் கொடுத்தார்களாம். அது வேறு கிருமி, வேறு பூச்சி. ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற அந்தக் காய்ச்சலைப் பரப்புவது ஒரு சின்ன சிலந்திப்பேனின் குஞ்சு, உண்ணியே அல்ல. மாத்திரை ஒன்றாக இருப்பதால் கணக்கும் ஒன்றாகிவிடாது. நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள், வெயிலில் காயாதீர்கள்.

மான்கறி தின்றதாலா என்று கேட்டார். இல்லை. உண்ணிக்கு மான் சாப்பாட்டுக் கூடம் மட்டும்தான். கிருமி உண்ணிக்குக் கிடைப்பது எலிகளிடமிருந்தும் பறவைகளிடமிருந்தும்.

போகிறவர்கள் போங்கள், நான் தடுக்கவில்லை. முழுக்கால் சட்டை போட்டு, நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். அசிங்கமாகத்தான் இருக்கும், மானுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டை துணியைச் சூடான டிரையரில் போட்டுவிட்டு, முழங்கால் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு வார் பதியும் இடம் எல்லாம் தடவிப் பாருங்கள். தேடுவது கசகசா அளவுள்ள ஒன்றை. ஊரில் மாட்டின் காதில் பார்த்த கொழுத்த உண்ணியை நினைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பார்க்க வேண்டும்.

ஒட்டியிருந்தால் தீக்குச்சி வேண்டாம், வாசலின் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நிதானமாக நேரே மேலே இழுங்கள். பிடுங்கிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். கடித்ததற்காக மட்டும் மாத்திரை கேட்டு வர வேண்டாம், தரமாட்டேன்.

பிறகு படை எதுவும் தெரிந்தால் எதையும் பூசாதீர்கள். ஓரத்தைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ரெண்டு நாளில் கோட்டைத் தாண்டினால் அந்தப் படத்தை எனக்குக் காட்டுங்கள். அம்மாவுக்கு அப்புறம் அனுப்பலாம்.