புரோட்டோகால்: நெறிமுறையா, உடன்படிக்கையா?

புவி வெப்பமாதலைக் கட்டுப்படுத்த ஜப்பானின் கியோட்டோ நகரில் நாடுகள் உருவாக்கிய ஆவணம் 'கியோட்டோ புரோட்டோகால்'. அது தமிழுக்கு வந்தபோது ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். கியோட்டோ நெறிமுறை, கியோட்டோ உடன்படிக்கை, கியோட்டோ ஒப்பந்தம் என்று இன்றும் மூன்றும் புழங்குகின்றன. அதிகம் ஊன்றியது 'நெறிமுறை'. எனக்கு அதில்தான் மனத்தாங்கல்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'புரோட்டோஸ்' என்றால் முதல், 'கொல்லா' என்றால் பசை. (கொலாஜன் என்ற புரதத்தின் பெயரில் இருப்பதும் இதே பசைதான்.) பாப்பிரஸ் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக்கும்போது, முன்னால் வரும் தாளுக்குப் 'புரோட்டோகொல்லோன்' என்று பெயர். ஆவணம் எப்போது, யார் அதிகாரத்தில் உருவானது என்ற விவரம் அதில் இருக்கும். அதை வெட்டிவிட்டால் போலி ஆவணம் செய்வது எளிது. அதனால் 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன், ஆவணம் எழுதுவோர் அந்தத் தாளை வெட்டக் கூடாது என்று சட்டமே போட்டார்.

இலத்தீன், பிரெஞ்சு வழியாக நகர்ந்தபோது பொருளும் நகர்ந்தது. ஆவணத்தின் மூலப்படி, பேச்சுவார்த்தையின் பதிவுக் குறிப்பு, அப்புறம் அரசுகள் கையொப்பமிட்ட ஏடு என்று வளர்ந்தது. தூதர்களுக்கான மரியாதை முறையும், கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளும் பின்னால் கிளைத்தவை. அந்த இரண்டுக்கும் 'நெறிமுறை' கச்சிதமாகப் பொருந்தும். சிக்கல் பன்னாட்டுச் சட்டத்தில் வருகிறது.

அங்கே புரோட்டோகால் பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை, தாய் ஆவணம் ஒன்றைப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓசோன் படலத்துக்காக 1985இல் வியன்னாவில் ஒரு பொது உடன்படிக்கை. அதன் கீழ் 1987இல் மாண்ட்ரீல் புரோட்டோகால். காலநிலைக்கும் அதே அமைப்புதான். 1992இல் உருவான ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, புவியைச் சூடேற்றும் பசுமை இல்ல வாயுக்களின் செறிவை ஆபத்தில்லாத அளவில் நிலைநிறுத்துவதைக் குறிக்கோளாக வைத்தது. யார் எவ்வளவு குறைப்பது என்ற கட்டாயக் கணக்கு அதில் இல்லை. முதலில் சிக்கலை ஒப்புக்கொள்ள வைப்போம், எண்களை அப்புறம் பேசலாம் என்ற உத்தி.

எண்கள் வந்தது 1997 டிசம்பரில், கியோட்டோவில். தொழில்வள நாடுகள் எல்லாம் சேர்ந்து, 2008 முதல் 2012 வரையிலான காலத்தில், 1990ஆம் ஆண்டு அளவைவிடக் குறைந்தது 5 சதவீதம் குறைக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு உள்ளிட்ட ஆறு வகை வாயுக்கள் கணக்கில் வந்தன. நடைமுறைக்கு வர 55 நாடுகளின் ஏற்புறுதி (கையொப்பத்துக்குப் பின் நாடு தரும் இறுதி ஒப்புதல்) தேவை. அந்த 55இல் உள்ள தொழில்வள நாடுகள், எல்லாத் தொழில்வள நாடுகளின் 1990 கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 55 சதவீதத்துக்காவது பொறுப்பாக இருக்க வேண்டும். அமெரிக்கா கையொப்பமிட்டது, ஏற்புறுதி தரவில்லை. ரஷ்யா 2004இல் தந்த பிறகுதான் கணக்கு நிறைந்து, 2005 பிப்ரவரி 16 அன்று உயிர் வந்தது. இலக்கைத் தவறவிட்ட நாட்டுக்கு, மீறிய அளவைப்போல் 1.3 மடங்கை அடுத்த காலகட்டத்தின் ஒதுக்கீட்டில் கழிக்கவும் விதி இருந்தது.

இதைப் போய் 'நெறிமுறை' என்றால், முடிந்தால் பின்பற்றுங்கள் என்ற அறிவுரைபோல் காதில் விழுகிறது.

தாய் ஆவணத்தின் பாடு இன்னும் மோசம். ஆங்கிலத்தில் அதன் பெயர் கன்வென்ஷன். அந்தச் சொல்லுக்கு மாநாடு என்றும் பொருள் உண்டு என்பதால், 'ஐ.நா. காலநிலை மாற்றக் கட்டமைப்பு மாநாடு' என்று தமிழில் எழுதிவிடுகிறார்கள். பிறகு ஆண்டுதோறும் நடக்கும் உறுப்பு நாடுகளின் மாநாட்டை என்னவென்று சொல்வது? இலங்கைத் தமிழில் இதற்குச் 'சமவாயம்' என்ற சொல் உண்டு. ஒன்றுகூடுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். கன்வென்ஷனின் இலத்தீன் வேருக்கும் அதே பொருள்தான். தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் புரோட்டோகாலுக்கு? நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிப்பது நம் இலக்கண மரபு. முதல்நூலின் முடிபை ஏற்று, பின்வந்தவர் வேண்டிய வேறுபாடுகளைச் சேர்ப்பது வழிநூல். கியோட்டோ செய்ததும் அதுவே. ஆகவே 'வழியுடன்படிக்கை' என்பேன். நீளம் என்று தோன்றினால் வெறும் 'உடன்படிக்கை' என்றாலும் சரி, 'நெறிமுறை'யைவிட மேல்.

காலநிலைக்காகவே பின்னால் வந்த 2015இன் பாரிஸ் ஆவணத்துக்குப் புரோட்டோகால் என்ற பெயரே வைக்கவில்லை. அதைத் தமிழில் 'பாரிஸ் ஒப்பந்தம்' என்கிறோம். கியோட்டோ நெறிமுறை, பாரிஸ் ஒப்பந்தம் என்று அடுத்தடுத்துப் படிப்பவருக்குப் பின்னதுதான் இறுக்கமானது என்று தோன்றும். உண்மை நேர்மாறு. பாரிஸில் ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பைத் தானே தீர்மானிக்கிறது. அதை அறிவிப்பது கட்டாயம், எட்டுவது கட்டாயமில்லை. பெயரை வைத்து எடை போட முடியாது என்பது வேறு விஷயம்: உடன்படிக்கைகளுக்கான சட்டத்தை வகுத்த 1969இன் வியன்னா சமவாயப்படி (ஓசோனுக்கானது வேறு), ஆவணத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும் உடன்படிக்கை உடன்படிக்கைதான்.

எடை உள்ளே இருக்கும் வினைச்சொல்லில் இருக்கிறது. பாரிஸ் வரைவின் 4ஆம் பிரிவில், வளர்ந்த நாடுகள் உமிழ்வுக் குறைப்பில் முன்நிற்பதைப் பற்றிய வரியில், கட்டாயத்தைக் குறிக்கும் 'ஷல்' கடைசி நாளில் இருந்தது. அப்படியே விட்டால் தன் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதல் தேவைப்படும் என்பதால் அமெரிக்கா மறுத்தது. எழுத்துப் பிழைத் திருத்தம்போல வாசிக்கப்பட்டு, அது 'ஷுட்' ஆனது. தமிழில் இந்த இரண்டையும் 'வேண்டும்' என்றே எழுதிவிட்டுப் போகிறோம். முதலாவதற்குக் 'கடப்பாடு உடையவை' என்றும், இரண்டாவதற்கு 'வேண்டும்' என்றும் பிரித்து எழுதினால், அன்று அந்த அரங்கில் எதற்காகப் பதறினார்கள் என்பது தமிழிலும் விளங்கும்.