வசக்குதலும் அலசுதலும்: புதுப் படகு எஞ்சினுக்குரிய இரு சொற்கள்

பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் என்றாலும், பெர்னாம் ஆற்றங்கரையில் இருப்பதால், தோட்ட வேலைக்குப் போகிறவர்களிலும் தூண்டிலும் சிறு படகுமாக ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பவர்கள் உண்டு. அவர்கள் படகில் மாட்டப் புதிதாக வாங்கும் ‘அவுட்போர்டு’ எஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் மாட்டிச் சிறிது நேரம் ஓடவிட்டு, “‘ரன்னிங் இன்’ ஆச்சு, ஃபிளஷும் ஆச்சு” என்று பட்டறைக்காரர்கள் சொல்லி ஒப்படைப்பதைக் கேட்கலாம். முன்னது புது எஞ்சினை ஓட்டிப் பழக்குவது, பின்னது அதன் உட்புறத்தை நன்னீரால் அலசுவது. இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். பீப்பாயில் நடக்கக்கூடியது இரண்டாவது வேலை மட்டுமே.

எஞ்சினின் பெயரை முதலில் முடித்துவிடலாம். ‘அவுட்போர்டு’ என்பதிலுள்ள ‘போர்டு’ பலகையைக் குறிப்பதன்று. கப்பலின் பக்கவாட்டைக் குறிக்கும் பழைய கடல்வழக்கு. படகுக்கு வெளியே மாட்டப்படுவதால் அது அவுட்போர்டு. மலாய்க்காரர் இதையே ‘எஞ்சின் சங்குட்’, அதாவது தொங்கும் எஞ்சின், என்பார்கள். தமிழ்நாட்டில் ‘வெளிப்பொருத்தும் இயந்திரம்’ என்றும், இலங்கையில் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்றும் வழங்குகிறது. இரண்டும் நல்ல சொற்களே.

‘ரன்னிங் இன்’ பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் அதையே ‘பிரேக் இன்’ என்பார்கள். அமெரிக்கச் சொல் குதிரை லாயத்திலிருந்து வந்தது. சேணமும் கடிவாளமும் அறியாத குதிரையை அடக்கிப் பழக்குவதே அதன் முதற்பொருள். இதற்குத் தமிழாக்கம் தேடுவோர் ‘வெள்ளோட்டம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் இங்கே பொருந்தாது. புதுத் தேரையோ தோணியையோ முதன்முறை ஓட்டி, அது சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது வெள்ளோட்டம். ஒருமுறை நடந்தால் முடிந்தது. நாம் தேடும் சொல் பல மணி நேரம் நீளும் ஒரு பழக்குதலைக் குறிக்க வேண்டும். அதற்கு உழவர் வழக்கில் ‘வசக்குதல்’ இருக்கிறது. ஏர் அறியாத இளங்காளையைப் பூட்டிப் படிப்படியாகப் பாரம் ஏற்றிப் பழக்குவதை ‘மாட்டை வசக்குதல்’ என்பார்கள். குதிரைக்குப் பதில் காளை என்பதைத் தவிர, ‘பிரேக் இன்’ என்பதற்கும் இதற்கும் பொருளில் வேறுபாடு இல்லை.

‘படிப்படியாகப் பாரம் ஏற்றி’ என்பதுதான் இதில் முக்கியமானது. புது எஞ்சினில் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும் குழலான சிலிண்டரின் சுவரைத் தொழிற்சாலையில் வேண்டுமென்றே நுண்ணிய குறுக்குக் கோடுகளாகக் கீறியிருப்பார்கள். அந்தக் கோடுகளின் முகடுகள் பிஸ்டன் வளையங்களோடு உரசித் தேய்ந்து, வளையம் சுவரோடு இறுகப் படிய வேண்டும். வளையத்தைச் சுவரை நோக்கித் தள்ளுவது உள்ளே எரிபொருள் எரிந்து எழும் வாயுவின் அழுத்தம். அந்த அழுத்தமோ, ப்ரொபெல்லர் தண்ணீரைத் தள்ளிப் படகை நகர்த்தும்போதுதான் போதிய அளவு எழும். பீப்பாயில் நியூட்ரலில் ஓடும் எஞ்சினுக்கு அந்தச் சுமை கிடையாது. பயந்து பயந்து மெதுவாகவே ஓட்டினால், சுவரில் எண்ணெய் கருகிக் கண்ணாடிபோல் மழமழத்துவிட, அதன்பின் வளையம் படியவே படியாது. எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் விரட்டினாலும் கேடுதான். சூடேறி உராய்ந்த இடங்கள் கீறிப்போகும். யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றின் கையேடு இதற்கு 10 மணி நேரம் ஒதுக்குகிறது: முதல் மணியில் நிமிடத்துக்கு 2000 சுழற்சி அல்லது அரை த்ராட்டில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியின் அளவு), இரண்டாம் மணியில் 3000 சுழற்சி அல்லது முக்கால் த்ராட்டில், எஞ்சிய எட்டு மணியில் எந்த வேகத்திலும் ஓட்டலாம், ஆனால் முழு த்ராட்டிலில் ஒரே மூச்சில் 5 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினென்றால் எண்ணெய்க் கலவையும் மாறும். வழக்கமாக 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் எண்ணெய் கேட்கும் பல மாதிரிகள் வசக்கும் காலத்தில் 25 லிட்டருக்கே 1 லிட்டர் கேட்கின்றன.

‘ஃபிளஷ்’ வேறு குடும்பத்துச் சொல். திடீரெனப் பாய்வது, பீறிடுவது என்பது அதன் அடிப்பொருள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஒருசேரக் கிளம்பும் கொழுந்துக்கும் அதே சொல்தான். எஞ்சினில் அது, குளிர்விக்கும் நீர் ஓடும் வழிகளில் படிந்த உப்பையும் சேற்றையும் நன்னீர் பாய்ச்சி வெளியேற்றுவதைக் குறிக்கிறது. இதைக் ‘கழுவுதல்’ என்றால் மேல்மூடியைத் துடைத்துப் பளபளக்க வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். பாத்திரத்தின் உட்புறம் நீர் ஓடச் சுழற்றி ஊற்றுவதற்கு நாம் சொல்லும் ‘அலசுதல்’ என்பதே பொருத்தம். ஆனால் ‘அலசல்’ என்ற பெயர்ச்சொல்லைப் பத்திரிகைகள் அரசியலுக்குத் தாரை வார்த்துவிட்டதால், எஞ்சினுக்கு ‘நீரலசல்’ என்று எழுதுவது தெளிவாக இருக்கும்.

வசக்குதல் எஞ்சினுக்கு ஒருமுறைதான். நீரலசல் உப்புநீரில் போய்வந்த ஒவ்வொரு முறையும் வேண்டும். “நான் கடலுக்கே போகவில்லை, ஆற்றில்தான் ஓட்டினேன்” என்பது இங்கே செல்லாது. கடல் பெருக்கின்போது கழிமுகத்திலிருந்து உப்பு ஆற்றில் ஏறிவரும், பெர்னாமின் வண்டலும் சேர்ந்துகொள்ளும். பீப்பாயில் அலசும்போது ப்ரொபெல்லருக்கு மேலுள்ள தட்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓட, பக்கத்துச் சிறு துளையிலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை இடைவிடாமல் பீச்சும். அது நின்றால் உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். தண்ணீரின்றிச் சில நொடிகள் ஓடினாலே உள்ளே நீரிறைக்கும் ரப்பர் இதழ்கள் கருகத் தொடங்கும். நீர்த்தாரை வந்ததுமே நிறுத்திவிடுவதும் போதாது. எஞ்சின் சூடேறி, சூட்டுக்கேற்ப நீர்வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபின்தான் உள்வழிகள் முழுவதிலும் நன்னீர் போகும். தோட்டக் குழாயை நேரே மாட்டும் இணைப்பு சில எஞ்சின்களில் உண்டு. அதில் அலசும்போது மட்டும் எஞ்சினை இயக்கக் கூடாது, ஏனெனில் அந்த வழியாக வரும் நீர் கீழேயுள்ள பம்புக்குப் போதிய அளவு எட்டாது.