சோகமா? ஒரு வீடு வரையுங்கள்

மனசு சரியில்லை என்றால், "உள்ளே இருப்பதையெல்லாம் தாளில் கொட்டிவிடு, பாரம் இறங்கிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அமெரிக்க உளவியலாளர்கள் ஜெனிஃபர் டிரேக்கும் எல்லன் வின்னரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குழந்தைகளிடம், ஏமாற்றமாகிப்போன ஒரு சம்பவத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் சிலரை அந்தச் சம்பவத்தையே வரையச் சொன்னார்கள், சிலரைச் சும்மா ஒரு வீடு வரையச் சொன்னார்கள். மனசு அதிகம் தேறியது வீடு வரைந்தவர்களுக்குத்தான். பெரியவர்களுக்குச் சோகப் படம் போட்டுக்காட்டிவிட்டு வரையச் சொன்னபோதும் இதே கதை.

ஏன் இப்படி? கவலை என்பது ஒரே எண்ணம் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருவது. நம் மூளை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய சங்கதிகளோ கொஞ்சம்தான். ஓட்டுக் கூரை எவ்வளவு சரிய வேண்டும், ஜன்னல் எங்கே, பக்கத்தில் ஒரு தென்னை வைக்கலாமா, வைத்தால் இடம் போதுமா என்று கண்ணும் கையும் மும்முரமாகிவிட்டால் அந்தக் கொஞ்ச இடமும் நிரம்பிவிடும். டிவி பார்த்தாலும் கவனம் திரும்பும்தான், ஆனால் டிவி ஒரு பக்கம் ஓட, கவலை இன்னொரு பக்கம் ஓடும் (எனக்கு அப்படித்தான்).

அதற்காக வெற்றுத்தாளை நீட்டி "எதையாவது வரை" என்றாலும் சரிவராது. 2005இல் வெளியான ஒரு சோதனையில் 84 கல்லூரி மாணவர்களை முதலில் கொஞ்சம் பதற்றப்பட வைத்துவிட்டு வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வட்டவட்டமான மண்டலா வடிவமோ கட்டம் போட்ட வடிவமோ கிடைத்தவர்களின் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெற்றுத்தாள் கிடைத்தவர்களுக்குக் குறையவில்லை. எங்கே தொடங்குவது, என்ன நிறம், இது நன்றாக இருக்குமா என்பதே அவர்களுக்குத் தனிக் கவலை. புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். புள்ளி வைத்தாகிவிட்டது, இனி கை அதன் பாட்டுக்குப் போகும்.

உடம்புக்குள்ளும் ஏதோ நடக்கிறது. சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, நாம் நெருக்கடியில் இருக்கும்போது கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அதிகமாக விடும். பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்குக் களிமண், ஸ்கெட்ச் பேனா, வெட்டி ஒட்டத் தாள்கள் எல்லாம் கொடுத்து 45 நிமிடம் இஷ்டத்துக்கு விட்டார்கள். முன்னும் பின்னும் எச்சிலை எடுத்து அளந்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்குக் கார்ட்டிசால் குறைந்திருந்தது. வரையத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசமும் இல்லை! 2016இல் வந்த இந்த ஆய்வை எல்லோரும் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். சரி, ஆனால் சும்மா உட்கார்ந்திருந்த வேறு 39 பேரையும் பக்கத்தில் வைத்து அளந்திருந்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை வந்திருக்கும். ஏனென்றால் கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏறத் தானாகவே இறங்கும் சரக்கு.

பெரிய மனநோய்களுக்கு வந்தால் உற்சாகத்தை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ள 417 பேரை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை ஓவியச் சிகிச்சைக் குழுவையும் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர்களே குறைவு என்பதும் அதில் ஒரு சிக்கல். தீராத அதிர்ச்சியை வரைந்து வெளியே கொண்டுவருவதென்றால் அதைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரை அருகில் வைத்துக்கொண்டுதான் செய்யவேண்டும், யூடியூப் பார்த்துத் தனியாக அல்ல.

'கலைச் சிகிச்சை' என்ற பெயரை 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். 1938இல் காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்துக் கிடந்தபோது, வரைவது தன்னைத் தேற்றுவதை அவரே உணர்ந்திருக்கிறார். அங்கே அவர் வரைந்துகொண்டிருந்தது, கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த சாமான்களை.