கம்பெனி கடையைக் கட்டிவிட்டால் உங்கள் கருவி என்னாகும்?

ஒரு பிராண்ட் சரிகிறது என்பது சர்வீஸ் மேசையில் இருக்கும் எங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வழியாகத்தான் முதலில் தெரியவரும். டிஸ்ப்ளே காம்போ (திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்த பாகம்) கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள். அடுத்து சார்ஜிங் போர்டு கிடைக்காது. கடைசியில் பேட்டரியும் நின்றுபோகும்.

நோக்கியாவின் கைபேசிப் பிரிவு 2014இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனதும், கோடாக் 2012இல் திவால் மனு கொடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. இத்தனைக்கும் டிஜிட்டல் கேமராவை 1975இலேயே செய்து காட்டியவர் கோடாக்கின் சொந்தப் பொறியாளர் ஸ்டீவ் சாசன். கம்பெனிக்கு என்ன ஆனது என்று அலசி அலசிப் பேசுகிறோம். அதை நம்பிக் காசு கொடுத்தவருக்கு என்ன ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. என் கவலை அதுதான்.

பழைய நோக்கியா 1100 யாரிடமாவது இருந்தால், புது பிஎல்-5சி பேட்டரி போட்டதும் உயிர் வந்துவிடும். அந்த அளவு பேட்டரியை இன்றும் பலர் தயாரிக்கிறார்கள். 2ஜி சிக்னல் இருக்கும் இடமென்றால் பேசவும் செய்யலாம். செய்த கம்பெனியின் தயவு அதற்குத் தேவையில்லை. புதுமை கூடக் கூட இந்தச் சுதந்திரம் குறைந்துகொண்டே வருகிறது. 2024 ஏப்ரலில், சட்டையில் மாட்டிக்கொண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஹியூமேன் ஏஐ பின் என்ற கருவி 699 டாலருக்கு வந்தது, மாதச் சந்தா 24 டாலர் தனி. பத்தே மாதத்தில் அந்தக் கம்பெனியின் சொத்துகளை எச்பி வாங்கியது. 2025 பிப்ரவரி 28 அன்று சர்வர் நிறுத்தப்பட்டது. போர்டில் பழுதில்லை, பேட்டரியில் குறையில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மறுமுனையில் ஆளில்லை, அவ்வளவுதான். இதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது.

பிளாக்பெரியும் அப்படியே. பழைய பிளாக்பெரி போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நின்றபோது, அவசர அழைப்பு போகும் என்பதற்குக்கூட உத்தரவாதம் இல்லாமல் போனது. பெப்பிள் கைக்கடிகாரக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சேவை நின்றதும் பயனர்களே ரெபிள் என்ற பெயரில் மாற்று சர்வர் நடத்தினார்கள். எல்லாக் கருவிக்கும் அப்படி ஒரு கூட்டம் அமையாது.

பிராண்ட் போய்ப் பல வருடம் கழித்து ‘ஒரிஜினல் பேட்டரி, சீல் பிரிக்காதது’ என்று யாராவது கொடுத்தால் யோசித்து வாங்குங்கள். லித்தியம் அயன் பேட்டரிக்குப் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் வயதாகும். மீட்டர் வைத்துப் பார்த்தால் சில பேட்டரிகள் இரண்டு வோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும். அந்த அளவுக்கு வடிந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்திருக்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகக்கூடும். அப்படிப்பட்ட பேட்டரியை நான் எந்த போனிலும் வைப்பதில்லை, வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும் சரி.

வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு அந்தக் கருவி எதையெல்லாம் செய்கிறது என்று பாருங்கள். இணையம் இல்லாமல் ஓடும் வேலைகள்தான் கம்பெனி போனாலும் உங்களோடு இருக்கும். அப்டேட் எந்த வருடம் வரை என்றும் கேளுங்கள். கூகுள் பிக்சல் 8 முதலும் சாம்சங் எஸ்24 முதலும் ஏழு ஆண்டு என்கிறார்கள். உதிரிபாகங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது: 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் முக்கிய உதிரிபாகங்கள் ஏழு ஆண்டு கிடைக்க வேண்டும்.

மூடப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டதா? அன்றைக்கே உட்காருங்கள். ஹியூமேன் பயனர்களுக்குக் கிடைத்த அவகாசம் பத்து நாள்தான். அதற்குப் பிறகு சர்வரில் இருந்த தரவும் அழிந்தது. படங்கள், உடல்நலக் கணக்குகள் எல்லாவற்றையும் உங்கள் சொந்த டிரைவுக்கு இறக்கி, திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ ஓடிபி தரும் செயலி அந்தக் கருவியில் இருந்தால் முதலில் அதை வேறு போனுக்கு மாற்றுங்கள்.