எல்பிடி1: துறையா, வாசலா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை, இன்னும் விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்து பில்லிங் சாஃப்ட்வேர்தான், கார்பன் காப்பி வேணும்னு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் விடல. புது கம்ப்யூட்டர் பின்னாடி பாத்தா பழைய பிரிண்டர் கேபிள் மாட்டுற அந்த 25 ஓட்டை சாக்கெட்டே, அதாவது பேரலல் போர்ட்டே இல்ல, பிரிண்டர யூஎஸ்பில மாட்டியாச்சு, ஆனா சாஃப்ட்வேர் அந்த போர்ட்டோட பேரான எல்பிடி1-ஐத் தவிர வேற எங்கயும் அனுப்பாது. பிரிண்டர ஷேர் பண்ணி, கருப்பு ஸ்கிரீன்ல நெட் யூஸ் எல்பிடி1-னு அடிச்சு பக்கத்துல ஷேர் பேரையும் குடுத்தேன், எல்பிடி1-க்குப் போறத அந்த பிரிண்டருக்குத் திருப்பி விடுற கட்டளை அது, சர்ருனு பில் வந்துருச்சு. முதலாளி கேட்டாரு, "இல்லாத சாமானுக்கு எதுக்குப்பா பேரு?"

எல்பிடிங்கிறது லைன் பிரிண்டர்ல இருந்து வந்த பேரு. ஒரு வரிய மொத்தமா ஒரே அடில அடிக்கிற பெரிய மெஷின் அது, நம்ம டாட் மேட்ரிக்ஸ் எழுத்தெழுத்தா நகர்ற ஆளு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. லினக்ஸ்லயும் எல்பிதான், ஆனா அங்க எண்ணிக்க 0-ல ஆரம்பிக்கும், எல்பி0.

பேரலல்னா கிரேக்கத்துல ஒன்னுக்கொன்னு பக்கத்துல. 8 கம்பில 8 பிட்டும் ஒரே நேரத்துல போகும். 1970-ல சென்ட்ரானிக்ஸ் பிரிண்டரோட வந்த ஏற்பாடு, 1981-ல ஐபிஎம் பிசில 25 பின் ஆச்சு. தமிழ்ல இணை, கணக்குப் பாடத்து இணைகோடு மாதிரி, இதுல சண்டையில்ல.

சண்டையே போர்ட்லதான். கலைச்சொல் பட்டியல்ல துறைனு போட்டு இணைத்துறை ஆக்கிட்டாங்க. லத்தீன்ல ரெண்டு சொல்லு இருக்கு, போர்ட்டுஸ்னா துறைமுகம், போர்ட்டானா வாசல். கம்ப்யூட்டர் போர்ட் ரெண்டாவது வழில வந்தது. துறைனா எனக்கு பேச்சியம்மன் படித்துறைதான் ஞாபகம் வருது, இல்லாட்டி பொதுப்பணித்துறை, அதுல எங்க கேபிள சொருகுறது? வாயில்னு வைக்கலாம், இல்வாய்தான் திரும்பி வாயில் ஆச்சுனு இலக்கணப்போலிக்கு வாத்தியார் சொல்லுவாரே, அதே சொல்லு. ஆனா பேச்சுல வாசல்தான், அதனால என் ஓட்டு இணைவாசலுக்கு.

முதலாளி கேட்ட கேள்விக்கும் வாசல வச்சுத்தான் பதில் சொன்னேன். அண்ணே, அந்தக் காலத்துல பிளாக்பர்ன் கலெக்டர் மதுரைக் கோட்டைய இடிச்சுட்டாரு, அவரு நினைவுக்குத்தான் உங்க கடைப்பக்கம் இந்தத் தூணே நிக்குது, இன்னைக்கும் பஸ்ல ஏறி தெற்குவாசல் ஒன்னு குடுங்கனு கேக்குறோமா இல்லையா? சிரிச்சுட்டு டீ சொன்னாரு. ஆனா அந்தக் கட்டளையோட கடைசில பெர்சிஸ்டன்ட் யெஸ் சேர்க்க மறந்துட்டேன், அது இருந்தாத்தான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் இணைப்பு நிக்கும், மறுநாள் சிஸ்டத்த ஆன் பண்ணதும் திரும்ப போன் வந்துச்சு.