பைக் நடுங்கினால் முதலில் என்ன கேட்பது?

நெடும்பயண பைக்கில் புதிதாக ஒரு சத்தமோ நடுக்கமோ வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் தேடுவோம். அந்தத் தேடல் பல நேரம் ஏமாற்றிவிடும். காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் ஒலி, எஃகிலும் அலுமினியத்திலும் சுமார் 5,000 மீட்டர் போகிறது. என்ஜினுக்குள் பிறந்த தட்டல் ஃபிரேம் வழியாக ஓடி, பெட்ரோல் டேங்கின் அகலமான தகட்டை ஆட்டி, அங்கிருந்து காதுக்கு வரும். பின்சக்கர பேரிங்கின் முனகல் ஃபுட்ரெஸ்ட்டில் தெரியும். அதனால் இடத்தைத் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அந்த நடுக்கம் எதனோடு சேர்ந்து கூடுகிறது, எதனோடு சேர்ந்து குறைகிறது என்று பார்க்க வேண்டும். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

காரணம், பைக்கில் சுழலும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வேகம் உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 28 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்பதால் அது நொடிக்கு 14 முறை சுழல்கிறது. அதே நேரம் என்ஜின் 4,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடினால் அதன் முதன்மைத் தண்டான கிராங்க் நொடிக்கு 75 சுற்று, வால்வுகளைத் திறக்கும் கேம் அதில் பாதி. பின்சக்கரத்தின் 44 பல் ஸ்ப்ராக்கெட்டில் (பற்சக்கரத்தில்) ஓடும் 110 கண்ணி செயினோ நொடிக்கு ஐந்தாறு முறைதான் முழுச் சுற்று வருகிறது. ஆக, செயினில் ஒரு கண்ணி இறுகிப்போயிருந்தால் அதன் இடிப்பு சக்கரச் சுற்றைவிட மெதுவாக, கிட்டத்தட்ட எண்ணிவிடக்கூடிய வேகத்தில் வரும். கை மரத்துப்போகும் அளவுக்கு ரீங்காரமாக வருவது அநேகமாக என்ஜின். ஒவ்வோர் ஆட்டமாக உடம்புக்குத் தெரிவது அநேகமாகச் சக்கரமும் செயினும்.

இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். போக்குவரத்து இல்லாத நேர்ச்சாலையில் நடுக்கம் வரும் வேகத்தில் போய்க்கொண்டே கிளட்ச்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள். என்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிடும், சக்கரங்கள் அதே வேகத்தில் உருளும். நடுக்கம் தொடர்ந்தால் டயர், ரிம், வீல் பேரிங், செயின் அல்லது (செயினுக்குப் பதில் தண்டு இருக்கும் பைக்கில்) ஷாஃப்ட் டிரைவ் பக்கம் பார்க்க வேண்டும். நின்றுவிட்டால், பைக்கை நிறுத்தி நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்கு ஏற்றிப் பாருங்கள். அப்போதும் வந்தால் குறை என்ஜினில். அங்கே வராமல் ஓட்டும்போது மட்டும் வந்தால், இழுவிசை ஏறும்போது நெளியும் ஏதோ ஒன்று: என்ஜின் மவுண்ட், கிளட்ச், பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள். கூடவே ஒரே வேகத்தை ஐந்தாவது கியரிலும் ஆறாவது கியரிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. கியர் மாற்றியும் நடுக்கத்தின் துடிப்பு மாறவில்லை என்றால் என்ஜினை விட்டுவிடலாம்.

சக்கரப் பக்கம் என்று தெரிந்துவிட்டால், முதல் சந்தேகம் பேலன்ஸ் மேல். சக்கரத்தின் எடையைச் சமன்செய்ய ரிம்மில் ஒட்டியிருந்த 30 கிராம் ஈயத்துண்டு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அற்பமாகத்தான் தோன்றும். ஆனால் மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றேகால் கிலோ எடைக்குச் சமமாக இருக்கும் அந்த விசை, 100-ல் ஐந்து கிலோ ஆகிவிடுகிறது. அதுவும் ஒரே திசையில் இழுப்பதில்லை, நொடிக்கு 14 முறை சக்கரத்தை மேலும் கீழும் முன்னும் பின்னும் இழுக்கிறது. ஊருக்குள் சாதுவாக இருந்த பைக் நெடுஞ்சாலையில் உதறுவதற்கு இதுவே காரணம்.

டயர் தேய்மானத்தைக் கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். என்ஜினை அணைத்து, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டயரின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவி, பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப்பல் போலவும் உறுத்தினால், டயரின் ஒவ்வொரு ரப்பர் கட்டியும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. வளைவில் சாயும்போது மட்டும் 'ஊம்' என்று எழும் ஓசை பெரும்பாலும் இதுதான். வீல் பேரிங்கும் இதே போல முனகும் என்பதால், சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

செயினைப் பார்க்கும்போது ஓர் இடத்தில் மட்டும் தளர்வை அளந்துவிட்டு விடாதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, பல இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் தொங்கி, இன்னோரிடத்தில் விறைப்பாக நின்றால், செயின் சீரில்லாமல் நீண்டிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்து இதைச் சரிசெய்ய முடியாது, ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து மாற்றத்தான் வேண்டும்.

வேகம் கூடக் கூட வளராமல், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் எழும் நடுக்கம் ஒன்று உண்டு. என்னைப் பொறுத்தவரை அதிகக் கவனம் அதற்கே வேண்டும். எந்தப் பொருளும் தட்டிவிட்டால் நொடிக்கு இத்தனை முறை ஆடும் என்று தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் வைத்திருக்கிறது. விறைப்பு கூடினால் அது உயரும், எடை கூடினால் தாழும். என்ஜினின் துடிப்பு அந்த எண்ணைத் தொடும்போது பாகம் பெரிதாக ஆடும். 5,000 ஆர்பிஎம்மில் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரிந்து, 5,500-ல் மறுபடி தெளிவதற்குக் காரணம் இந்த ஒத்ததிர்வு. நாலு சிலிண்டர் வரிசை என்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும், அது அதன் பிறவிக் குணம். ஆனால் இதுவரை இல்லாத ஒரு ஆர்பிஎம்மில் புதிதாக உதறல் வந்தால், ஏதோ ஒரு போல்ட் தளர்ந்து, அந்தப் பாகத்தின் விறைப்பு குறைந்து, இயல்பு அதிர்வெண் நாம் ஓட்டும் எல்லைக்குள் இறங்கி வந்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். பக்கப் பெட்டிகள், விண்ட்ஷீல்டு, டாப் பாக்ஸ் என்று ஏகப்பட்டதைத் தூக்கிச் செல்லும் டூரிங் பைக்கில் முதல் வேலை ஸ்பேனரை எடுத்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது.

ஹேண்டில்பார் இடவலமாக நொடிக்கு ஆறு முதல் பத்து முறை உதறுவதும் இதே குடும்பம்தான். பின்னால் உயரத்தில் ஏற்றிய பாரம், தேய்ந்த முன் டயர், தளர்ந்த கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) ஆகியவை அதை வளர்த்துவிடும். முன்சக்கரம் தரையில் படாதபடி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் கோன்செட்டின் தளர்வு 'டக்' என்று கைக்குத் தெரியும். கையை விட்டு ஓட்டிச் சோதிப்பது மட்டும் கூடவே கூடாது. ஓடும்போது உதறல் வந்தால் ஹேண்டிலை இறுகப் பிடிக்காமல், பிரேக்கை அழுத்தாமல், ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட வேண்டும்.

என்ஜின் சத்தங்களில் 'டிக் டிக்' என்னும் டேப்பெட் சத்தத்தைக் கேட்டுத்தான் பலர் பதறுகிறார்கள். அது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி, சற்று அதிகம் என்பதைச் சொல்லும். சைலன்சர் இணைப்பில் புகை கசிந்தாலும் இதே ஓசைதான் வரும், ஆனால் சூடேறி உலோகம் விரிந்ததும் அது அடங்கிவிடும். நான் அதிகம் அஞ்சுவது சத்தமே போடாத வால்வுக்கு. மூடியிருக்கும்போது வால்வு தன் சூட்டை, தான் அமர்ந்து மூடும் உலோக விளிம்புக்குக் கொடுத்துத்தான் ஆறுகிறது. இடைவெளி அடைபட்டுவிட்டால் அது முழுதாக மூடாது, ஆறவும் முடியாது, ஓரம் கருகிவிடும். இதைக் காது கண்டுபிடிக்காது, மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ்தான் கண்டுபிடிக்கும்.

இந்தத் துடிப்புகளை அளக்க இப்போது போனிலேயே ஆப் இருக்கிறது, அதிர்வெண்ணைப் படமாகவே காட்டும். அளந்து முடித்ததும் போனைக் கழற்றிவிடுங்கள். பெரிய மோட்டார்சைக்கிள் என்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

மற்றதையெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கக்கூடியவர்கள்கூட ஒரு சத்தத்துக்கு உடனே நிற்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போது என்ஜினின் அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த 'டொக் டொக்'. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய ஆயில் படலம் போய், உலோகம் உலோகத்தில் மோதுகிறது என்பதற்கான ஓசை அது. என்ஜினை அந்த இடத்திலேயே அணைத்துவிட்டு பைக்கை வேறு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். மேற்கொண்டு ஓட்டினால் ராட் உடைந்து என்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸையே துளைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும்.