கொழிஞ்சாம்பாறை வெயிலும் ஒன்பது அமினோ அமிலங்களும்

மார்ச் பிறந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் எங்கே போனாலும் வெயில் பேச்சுதான். பாலக்காடு மாவட்டத்தின் வறண்ட கிழக்கு ஓரம் இது. தென்னந்தோப்பில் மரமேறிக் கள்ளு இறக்குபவருக்கு வெயில் ஏறும் முன்பே சட்டை நனைந்துவிடும். சாயங்காலம் சிறுநீர் நல்ல மஞ்சளாகப் போகும். "சூடு பிடிச்சிருச்சு" என்று கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் வைத்துக்கொள்வார்கள். எண்ணெய் வைப்பது அவரவர் விருப்பம். ஆனால் வெயில் நாளில் வரும் அந்த மஞ்சளைப் பார்த்துச் சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. பெரும்பகுதி வழியிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். மிச்சத்தை உடம்பில் வைத்துக்கொள்வதா, வெளியே விடுவதா என்பது முடிவாகும் இடம், கடைசியில் வரும் சேகரிப்புக் குழாய். உத்தரவு வருவதோ மூளையிலிருந்து. வியர்வை போய் ரத்தத்தின் உப்புச் செறிவு ஒரு சதவீதம் கூடினாலே மூளையின் அடிப்பக்கத்திலுள்ள ஹைப்போதலாமஸ் கண்டுகொள்ளும். உடனே அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வாசோபிரெசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். வெறும் ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு அது.

பெப்டைடு நீரில் கரையும். செல்லின் மேலுறையோ கொழுப்பால் ஆனது. அதனால் வாசோபிரெசினால் உள்ளே நுழைய முடியாது. வாசலில் நின்று சேதி சொல்லிவிட்டுப் போகிற ஆள் மாதிரிதான் அது. உள்ளே நடப்பதெல்லாம் நொதிகளின் வேலை. எனக்கு ஹார்மோனைவிட இந்த உள்வேலைதான் ஆச்சரியம்.

சேகரிப்புக் குழாய்ச் செல்லின் ரத்தப் பக்கத்துச் சுவரில் ஹார்மோனின் சேதியை வாங்கிக்கொள்ளும் வி2 என்ற ஏற்பி இருக்கிறது. உறைக்குள் ஏழு முறை புகுந்து புறப்பட்ட ஒரு புரதச் சரடு. வெளிமுனையில் வாசோபிரெசின் வந்து ஒட்டியதும் உள்முனை கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அங்கே காத்திருக்கும் ஜி புரதம் தன்னிடமுள்ள குவனோசின் டைபாஸ்பேட்டை உதறிவிட்டு, அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலான குவனோசின் டிரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதன் ஒரு துண்டு கழன்று, உறையோரமாகவே நகர்ந்து அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்பும். இந்த நொதி, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியை எடுத்து, இரண்டு பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டு, மீதியை வளையமாக மடக்கும். அதுதான் சைக்ளிக் ஏஎம்பி. ஒரு நொதி ஓயாமல் மடக்கிக்கொண்டே இருப்பதால், வாசலில் ஒரு மூலக்கூறு சொன்ன சேதி உள்ளே பல மடங்காகப் பெருகிவிடும். சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டுபிடித்தவர் எர்ல் சதர்லண்ட். அவர் பார்த்தது கல்லீரலில். 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

அடுத்தது புரோட்டீன் கைனேஸ் ஏ. இதன் வேலை செய்யும் துண்டுகளை வேறு இரண்டு துண்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும். சைக்ளிக் ஏஎம்பி வந்து ஒட்டியதும் பிடி தளரும். விடுபட்ட நொதி, அக்குவாபோரின்-2 என்ற நீர்க்கால்வாய்ப் புரதத்தின் 256ஆவது இடத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். இந்தக் கால்வாய்களைச் செல் அப்போதுதான் செய்ய ஆரம்பிப்பதில்லை. ஏற்கெனவே செய்து, சின்னச் சின்னப் பைகளில் அடுக்கி வைத்திருக்கிறது. பாஸ்பேட் ஒட்டியதும் பைகள் சிறுநீர்ப் பக்கத்துச் சுவரோடு போய்ச் சேரும். சில நிமிடங்களில் சுவர் முழுக்கத் தண்ணீர் வழி. சிறுநீரகத்தின் உட்பகுதி ரத்தத்தைப் போல நான்கு மடங்கு வரை செறிவானது என்பதால் நீர் தானாகவே உள்ளே இழுக்கப்படும். அப்புறம் ரத்தப் பக்கத்துச் சுவரிலுள்ள அக்குவாபோரின்-3, 4 கால்வாய்கள் வழியாக ரத்தத்துக்குப் போகும். வெளியேறும் சிறுநீர் அரை லிட்டர் அளவுக்குக்கூடக் குறையலாம். நிறம் அடர்வது அதனால்தான்.

வயிறு நிறையத் தண்ணீர் குடித்ததும் எல்லாம் தலைகீழ். ஹார்மோன் குறையும், சைக்ளிக் ஏஎம்பியைப் பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதி வெட்டிப்போடும், கால்வாய்கள் மறுபடி பைக்குள் போய்விடும். கள்ளு குளிர்ச்சி என்பார்கள். அதிலுள்ள ஆல்கஹாலோ பிட்யூட்டரி வாசோபிரெசின் விடுவதையே தடுக்கும். வெயிலில் குடித்த நீரில் கணிசமான பங்கு அப்படியே வெளியே போய்விடும்.

வி2 ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதானால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான் தொல்லை. ஓயாத தாகம், லிட்டர் லிட்டராகச் சிறுநீர். சர்க்கரை நோயோடு இதற்குச் சம்பந்தமில்லை. ஹார்மோனை ஊசியாகப் போட்டும் பயனில்லை, கேட்க வேண்டிய ஏற்பியே செவிடு. இதற்கு நேரெதிர் நிலைமையும் உண்டு. பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோயில் சைக்ளிக் ஏஎம்பி கூடிப்போய்க் கட்டிகளை வளர்க்கிறது. அங்கே டோல்வாப்டன் மாத்திரையால் வி2 ஏற்பியை வேண்டுமென்றே அடைக்கிறார்கள். கட்டி வளரும் வேகம் குறையும். பதிலுக்கு அந்த நோயாளி பகலும் இரவும் தண்ணீர் பாட்டிலோடுதான் இருக்க வேண்டும்.